போர்ன், பென்ஷன், ஒரு மகள் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

எலிசபெத் போர்னைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ரயில், மெட்ரோ, அணுமின் நிலையம் என்று எல்லாவற்றையும் கற்றுத் தேர்ந்த ஒரு பெண் எஞ்சினியர் பிரான்சின் பிரதமரானதைப் பெருமையாகச் சொல்லியிருந்தீர்கள். பென்ஷன் வயதை 62இலிருந்து 64க்கு ஏற்றும் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அவர்தானே, அது பிரான்சோடு சேர்ந்த நம் தீவுக்கும் பொருந்துமே; என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. கட்டட வேலை பார்க்கிறவர், முட்டி தேய்ந்துபோனவர். “என்னை இன்னும் ரெண்டு வருஷம் மூட்டை தூக்க வச்சவங்களை உங்க அக்கா மெச்சுறாங்களா? எஞ்சினியருக்கு சிமெண்ட் தெரியும், கம்பி தெரியும், மனுஷனைத் தெரியாது” என்றார்.

அதோடு முடியவில்லை. மகள் நம் தீவின் தலைநகர் சென்-தெனியில் பிரெப்பா, அதாவது எஞ்சினியரிங் பள்ளிகளின் நுழைவுத் தேர்வுக்கான படிப்பு, இரண்டாம் வருஷம் படிக்கிறாள். முதலில் எஞ்சினியர், அப்புறம் அரசியல் என்கிறாள். இந்தப் பேச்சுக்குப் பிறகு அப்பாவும் மகளும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. எஞ்சினியர் அரசியலுக்கு வந்தால் இப்படித்தான் ஆகுமா அக்கா? அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?

ஒரு வாசகி,
சென்-அந்த்ரே, ரியூனியன்

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் வீட்டுக்காரரின் கோபம் நியாயமானது. அவர் சொல்லும் காரணத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. 61 வயது வரை போர்ன் யார் வீட்டு வாசலிலும் நின்று வாக்குக் கேட்டதில்லை. பென்ஷன் விஷயத்தில் நடந்த எல்லாவற்றுக்கும் நான் அதைத்தான் காரணமாகப் பார்க்கிறேன். அவர் படித்த படிப்பின்மேல் பழி போட மாட்டேன்.

அந்தப் படிப்பு அவருக்கு எப்படி வந்தது என்பதை மகளுக்கு நீங்கள் சொல்ல வேண்டும். அப்பா ஜோசப் போர்ன்ஸ்டைன் யூதர், நாஜிகளை எதிர்த்த ரெசிஸ்தான்ஸ் இயக்கத்தில் இருந்தவர். அவுஷ்விட்ஸ், புக்கன்வால்ட் முகாம்களிலிருந்து உயிரோடு திரும்பியவர், 1972இல் தற்கொலை செய்துகொண்டார். மகளுக்கு அப்போது 11 வயது. அரசு அந்தப் பெண்ணைத் தன் பொறுப்பில் எடுத்துப் படிக்க உதவியது. கணக்கில் மட்டும் ஒரு நிம்மதி கிடைத்தது, அங்கே எல்லாம் அறிவுக்குக் கட்டுப்பட்டு நடந்தது என்ற பொருளில் அவரே பின்னாளில் பேசியிருக்கிறார். பிரான்சின் பெரிய எஞ்சினியரிங் பள்ளியான எகோல் பொலிடெக்னிக் பெண்களுக்குக் கதவைத் திறந்ததும் அதே 1972இல்தான். முதல் வருஷம் ஏழு பெண்கள் சேர்ந்தார்கள், நுழைவுத் தேர்வில் முதலிடமே அவர்களில் ஒருவருக்கு. போர்ன் 1981இல் சேர்ந்தார். அங்கே படிக்கும் பிரெஞ்சு மாணவர்களுக்கு மாதாமாதம் அரசு படி கொடுக்கிறது. பணக்கவலையால் உங்கள் மகள் அந்தப் பள்ளியின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்றும் அங்கே ஐந்தில் நாலு பேர் ஆண்பிள்ளைகள்தான்.

அதற்குப் பிறகு சாலை, பாலம் படிப்பு. பிரதமர் ஜோஸ்பேனுக்குப் போக்குவரத்து ஆலோசகர், ரயில்வேயில் உயர் பதவி, ஒரு கட்டுமான நிறுவனம், பாரிஸ் நகராட்சியின் நகரமைப்பு இயக்குநர், புவாத்து-ஷாராந்த் மாகாணத்தின் பிரெஃபெ (அங்கே அரசின் பிரதிநிதி), பாரிஸ் மெட்ரோவின் தலைவர், 2017இலிருந்து அமைச்சர். ஃபெஸ்ஸன்ஹைம் அணுமின் நிலையத்தை 2020இல் மூடியது அவர் சூழலியல் அமைச்சராக இருந்தபோது. இத்தனையும் நியமனங்கள். ஓர் ஊராட்சி மன்ற உறுப்பினராகக்கூட அவர் நின்றதில்லை. 2022 மேயில் பிரதமராகி, அதற்கடுத்த மாதம்தான் கல்வதோஸ் மாவட்டத்தில் முதன்முதலாகத் தேர்தலில் நின்று, 52 சதவீதத்துக்குச் சற்றே கூடுதலாக வாங்கி ஜெயித்தார்.

அதே தேர்தலில் அவர் அரசுக்குப் பெரும்பான்மை கிடைக்காமல் போனது. பெரும்பான்மை இல்லாத சபையில் ஒவ்வொரு வாக்காகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். முகம் பார்த்து, விட்டுக்கொடுத்து, திட்டு வாங்கி, மறுநாள் மறுபடி போய் நின்று பழகியவர்களுக்கு அந்த வேலை ஓரளவு கைவரும். போர்னுக்குக் கோப்பு அத்துப்படி. எதிரே உட்கார்ந்திருப்பவரை வளைக்கத் தெரியவில்லை. அரசியல் சாசனத்தின் 49.3 பிரிவு இருக்கிறதே, அரசைக் கவிழ்க்கும் தீர்மானம் ஜெயிக்காவிட்டால் மசோதா வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேறிவிடும் என்கிற பிரிவு, அதை 23 தடவை கையில் எடுத்தார். பெரும்பாலும் பட்ஜெட்டுக்காக. 2023 மார்ச் 16 அன்று பென்ஷனுக்காக எடுத்தபோது இடதுசாரி உறுப்பினர்கள் எழுந்து நின்று தேசிய கீதம் பாடினார்கள். நாலு நாள் கழித்து அரசு தப்பியது ஒன்பதே வாக்கில்.

இப்போது அந்தச் சட்டத்துக்கு வருகிறேன். 2023இல் எழுதியபடி 62 என்பது படிப்படியாக 64 ஆக வேண்டும், முழுப் பென்ஷனுக்கு 43 வருஷச் சந்தா வேண்டும். காகிதத்தில் கணக்கு நேராக வருகிறது. ஆனால் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு பிள்ளைக்கு எட்டு காலாண்டு வரை சந்தாக் கணக்கில் சேர்த்துக் கொடுப்பது பழைய ஏற்பாடு. அதை வைத்து 62லேயே முழுக் கணக்கையும் முடித்துவிட்ட பெண்கள் உண்டு. வயதைத் தள்ளி வைத்ததும் அவர்களுக்கு அந்தக் காலாண்டுகளால் பயனில்லாமல் போயிற்று, எப்படியும் 64 வரை காத்திருக்க வேண்டும் என்றாயிற்று. பெண்களுக்குக் கொஞ்சம் பாதகம்தான் என்று அரசின் அமைச்சர் ஒருவரே டிவியில் ஒப்புக்கொண்டார்.

நம் தீவில் நிலைமை அதைவிட மோசம். எங்கள் ஊர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், ஒரு பெண்மணியைப் பார்த்தேன். பள்ளிக் கான்டீனில் தட்டு கழுவுகிறவர். பிளாஸ்டிக் பை நிறைய சம்பளச் சீட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். ஆறு மாத ஒப்பந்தம், பிறகு ஒன்றுமில்லை. பத்து மாதம், பிறகு இரண்டு வருஷ இடைவெளி. சில சீட்டுகளில் எழுத்தே அழிந்திருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் ஒவ்வொன்றாகத் தேதிப்படி அடுக்கினார். இவருக்கு 43 வருஷம் எந்தக் காலத்திலும் சேரப் போவதில்லை. வெட்டில்லாத பென்ஷன் வேண்டுமென்றால் 67 வரை இருக்க வேண்டும். அந்த 67ஐச் சட்டம் தொடவே இல்லை. 62க்கும் 64க்கும் நடந்த இத்தனை பெரிய சண்டையில் இவரைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. இப்படிப்பட்டவர்களிடம் இருபது வருஷம் வாக்குக் கேட்டு நடந்திருந்தால் போர்ன் வேறு மாதிரி சட்டம் எழுதியிருப்பார் என்று நம்புகிறேன். 2023 மேயில் அவர் இங்கே வந்தபோது மக்கள் சட்டி பானை தட்டினார்கள். அந்த நேரத்தில் யாரும் எதையும் கேட்டுக்கொள்ளும் நிலையில் இல்லை. 2025 அக்டோபரில் அவரே, நாட்டின் நிலைத்தன்மைக்கு அதுதான் விலை என்றால் இந்தச் சட்டத்தை நிறுத்திவைப்பதைப் பரிசீலிக்கலாம் என்றார். அதைச் சொல்லவும் ஒரு திடம் வேண்டும். அந்த மதிப்பு எனக்கு உண்டு. அந்த வருஷக் கடைசியில் வயது ஏற்றம் 2028 வரை நிறுத்தியும் வைக்கப்பட்டது.

உயுகேத் பெல்லோவையும் நினைத்துப் பாருங்கள். ஆசிரியையாக இருந்தவர், பெண்கள் சங்கத்தில் உழைத்தவர். 1997இல் நம் தீவிலிருந்து நாடாளுமன்றம் போன முதல் பெண், பிறகு சென்-போல் மேயர், 2021இலிருந்து ரெஜியோன் என்கிற மாகாண மன்றத்தின் தலைவர். அவர் வந்தது வாக்கின் வழியாக. அவர் கையில் வந்து சேர்ந்ததோ முழுக்க முழுக்க எஞ்சினியர் வேலை, பாதியில் நின்ற கடற்கரைச் சாலை. கடலுக்குள் தூண் இறக்கி 5.4 கிலோமீட்டர் பாலம் கட்டியாயிற்று, 2022இல் திறந்தும் ஆயிற்று. அது வந்து முடிகிற கிராந்த் ஷாலூப்பில்தான் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர்களைக் கப்பலிலிருந்து இறக்கி, நோய் பரவாதபடி லசாரே என்ற தனிமை முகாமில் அடைத்து வைத்தார்கள். அங்கிருந்து மேற்கொண்டு போக முதலில் திட்டமிட்ட கடலணைக்குப் பாறை வேண்டியிருந்தது. சென்-லேயில் குவாரி போடவிடாமல் அங்குள்ள மக்கள் எதிர்த்தார்கள். தூணுக்குக் கணக்குப் போட ஆள் இருந்தது. எந்த மலையை உடைப்பது என்று அந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசி முடிக்கத்தான் ஆளில்லை. இரண்டும் தெரிந்தவர் நமக்கு வேண்டும், அதனால்தான் உங்கள் மகளின் ஆசையை நான் ஆதரிக்கிறேன்.

கரான்ஸ் புயலுக்குப் பிறகு குழாயில் தண்ணீர் வராத நாட்களில் மேரி வாசலில் வாளியோடு நின்றவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: எப்போ வரும்? பெரும்பாலான மன்ற உறுப்பினர்கள் “சீக்கிரம்” என்றார்கள். ஒருவர் மட்டும் எந்தப் பம்புக்கு மின்சாரம் இல்லை, ஜெனரேட்டர் எங்கிருந்து வருகிறது, மேட்டுத் தெருவுக்கு ஏன் கடைசியில் ஏறும் என்று தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். தண்ணீர் அன்று வரவில்லை, ஆனால் கூட்டம் சத்தம் போடாமல் கலைந்தது. உங்கள் மகள் அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

“முதலில் எஞ்சினியர், அப்புறம் அரசியல்” என்கிறாளே, அந்த ‘அப்புறம்’ மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். இப்போது நுழைவுத் தேர்வு, அதில் குறுக்கே எதுவும் வரக்கூடாது. விடுமுறையில் ஊருக்கு வரும்போது நகராட்சிக் கூட்டத்தில் போய் உட்காரட்டும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நகராட்சித் தேர்தல் பட்டியலில் ஆணும் பெண்ணும் மாறி மாறி வர வேண்டும் என்பது சட்டம். இடத்தை நிரப்பப் பெண்களைத் தேடி வருவார்கள். அவளையும் கேட்பார்கள். எந்தப் பொறுப்பு தருவீர்கள் என்று முதலிலேயே கேட்கட்டும். விழாக் குழு என்றால் மறுத்துவிட்டு, தண்ணீரோ சாலையோ கேட்டு வாங்கட்டும்.

வீட்டுக்காரரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். 20 வயதுக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்து சந்தா கட்டியவர்களுக்கு பென்ஷன் வயதுக்கு முன்பே போக வழி சட்டத்தில் இருக்கிறது. அந்தக் காலத்துச் சம்பளச் சீட்டுகளைத் தேடி எடுத்துக்கொண்டு பென்ஷன் அலுவலகத்துக்குப் போகட்டும். மகளையும் கூட அழைத்துப் போகச் சொல்லுங்கள். காலாண்டுக் கணக்கை அவள் போட்டுக் கொடுப்பாள்.

அன்புடன்,
அக்கா