அறுத்தவர்கள் யார்?

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பினத்தவர் சிலர் 'முன்னோர் மதம்' என்று ஆப்பிரிக்கச் சாமிகளைக் கும்பிடுகிறார்கள், பெயரையும் உடையையும்கூட மாற்றிக்கொள்கிறார்கள். 300 வருஷத்துக்கு முன் விட்டுப்போனதை இப்போது தூக்கிப் பிடிப்பது வேஷம்தானே?
– வாசகர் ஒருவர், கோவில்பட்டி

பதில்: அவர்களாகவா விட்டார்கள்? 1739-ல் தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றங்கரையில், அடிமைகள் முரசு கொட்டிக்கொண்டு கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த வருஷமே, அடிமைகள் முரசோ கொம்போ வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. முரசில்லாமல் அந்தச் சாமிகளை எப்படி அழைப்பது? பெயர் போனது, மொழி போனது, தாய் ஒரு பக்கமும் பிள்ளை ஒரு பக்கமுமாக ஏலம் போனார்கள். அவர்களுடைய வாரிசுகள் இன்று தேடுவதை வேஷம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதே தென் கரோலினாவில்தான் 1970-ல் ஓயோதுஞ்சி என்ற யோருபா கிராமம் எழுந்தது. யோருபாக்கள் என்போர் மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியாப் பக்கத்து மக்கள். அதை அமைத்த அடெஃபுன்மி, டெட்ராய்ட்டில் வால்டர் கிங்காகப் பிறந்தவர். தனக்குத்தானே பட்டம் கட்டிக்கொண்டவர் இல்லை. 1959-ல் கியூபாவின் மட்டான்சாஸுக்குப் போய் முறைப்படி தீட்சை பெற்றவர். ஏன் கியூபா? அமெரிக்கா 1808-லேயே அடிமை இறக்குமதிக்குத் தடை போட்டுவிட்டது. கியூபாவுக்கோ 1860-கள் வரை கப்பல் வந்துகொண்டிருந்தது. யோருபாக்களின் ஓயோ பேரரசு சரிந்தபோது நடந்த போர்களில் பிடிபட்ட யோருபாக்கள் அந்தக் கடைசிக் காலத்தில் கூட்டம் கூட்டமாக அங்கே இறக்கப்பட்டார்கள். பாட்டும் கதையும் சடங்கும் அவர்களுக்கு மனப்பாடம். சிவப்புப் போர்வையும் வாளுமாக நிற்கும் கத்தோலிக்கப் புனிதர் பார்பரா முன்னால் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, உள்ளுக்குள் இடிக்கு அதிபதியான தங்கள் சாமி ஷாங்கோவைக் கும்பிட்டார்கள். 16 சோழிகளைப் பாயில் உருட்டி, வாய் மேலே தெரிய விழுந்தவற்றை எண்ணி, அந்த எண்ணுக்குரிய கதையைச் சொல்லிக் குறி சொல்வது இன்றும் நடக்கிறது. இதில் எங்கே வேஷம்?

அடெஃபுன்மி அந்தப் புனிதர் படங்களை எடுத்துவிட்டார். கியூபப் பூசாரிகள் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஒளித்துக் கும்பிட வேண்டிய காலம் போய்விட்டதால் அவர் செய்தது சரி என்பேன். ஆனால் தலைமுறை தலைமுறையாக பார்பராவையும் நேசித்துப் பழகிய கியூபக் கிழவியிடம் அவளை விட்டுவிடு என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. 1981-ல் யோருபாக்களின் புனித நகரமான இஃபேயின் மன்னரே அடெஃபுன்மியை அங்கீகரித்தார். அவர்களே ஏற்றுக்கொண்டவரைப் போலி என்று சொல்ல நாம் யார்?

எகிப்து விஷயத்தில் மட்டும் எனக்கும் மாற்றுக் கருத்து உண்டு. 1973-ல் நியூயார்க்கில் தொடங்கிய அவுசார் அவுசெட் சங்கம் போன்ற அமைப்புகள் பழைய எகிப்தைத் தங்கள் ஆன்மிக மூலமாகக் கொள்கின்றன. அடிமைக் கப்பல்கள் புறப்பட்டதோ பெரும்பாலும் செனகல், கானா, பெனின், நைஜீரியா, காங்கோ, அங்கோலா கரைகளிலிருந்து. 'ஆப்பிரிக்காவுக்கு வரலாறே இல்லை' என்று பள்ளிக்கூடத்திலேயே கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பிரமிடைக் காட்டிப் பேச வேண்டியிருந்தது, அது புரிகிறது. ஆனால் நேரடி வம்சத் தொடர்பாக அதைச் சொன்னால் ஆதாரம் நிற்காது. இஃபேயின் வெண்கலத் தலைச் சிற்பங்களை வார்த்த கைகள் மேற்கு ஆப்பிரிக்கக் கைகள்தானே? பெருமைப்பட அவர்களுக்கு அதுவே தாராளம்.