நாலு வயதுக்கு எவ்வளவு சொல்லலாம்?

அன்புள்ள ஐயா,

நான் திருகோணமலை மாவட்டம் மூதூர் கிழக்கில் பாலர் பாடசாலை டீச்சர். 2006 ஏப்ரலில் சம்பூர்ப் பக்கம் கிபிர் விமானம் குண்டு போட்டபோது வீட்டு முற்றத்தில் நின்றேன். குண்டுத் துண்டு பட்டு முழங்கைக்குக் கீழே காயம். பிறகு வெருகல் தாண்டி வாகரை, மட்டக்களப்பு, கடைசியில் கிளிவெட்டி முகாம். போன கிழமை ஒரு பிள்ளை தழும்பைத் தொட்டு, "டீச்சர், இது என்ன?" என்று கேட்டது. நாய் கடித்தது என்றேன். அன்றிலிருந்து மனம் சரியில்லை. என்ன சொல்லியிருக்க வேண்டும்?

அன்புள்ள டீச்சர்,

உண்மையைச் சொல்லுங்கள், நாலு வயது தாங்கும் அளவுக்கு. "முந்தி இங்கே சண்டை நடந்தது. குண்டு விழுந்து டீச்சருக்குக் காயம். மருந்து கட்டினார்கள், ஆறிவிட்டது. இப்போது நோகாது." இவ்வளவு போதும். கடைசி இரண்டு வசனத்தையும் விட்டுவிடாதீர்கள். டீச்சருக்கு இன்னும் நோகிறதா, தனக்கும் அப்படி வருமா என்பதுதான் அந்த வயதுப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

மீதியைப் பிள்ளையிடம் சொல்ல வேண்டாம், எழுதி வையுங்கள். இதை நான் வற்புறுத்தியே கேட்கிறேன். சம்பூர் என்றால் நாங்கள் எல்லோரும் காணியைத்தான் பேசுகிறோம்: உயர் பாதுகாப்பு வலயம் என்று அடைத்தது, அனல் மின்நிலையத்துக்கு என்று எடுத்தது, 2016இல் கடற்படை விட்டுப்போனது. பேச வேண்டியதுதான், பத்து வருடமாகச் சொந்த வளவுக்குள் கால் வைக்க முடியாமல் கிடந்த சனம். ஆனால் அந்த வருடங்களில் முகாமில் மர நிழலிலும் தறப்பாளுக்குக் கீழும் பிள்ளைகளை இருத்திப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தது உங்களைப் போன்ற டீச்சர்மார். நீங்களும் இடம்பெயர்ந்தவர்கள், காயப்பட்டவர்கள். கையில் கிடைத்ததோ சம்பளம் என்று சொல்ல முடியாத ஒரு கொடுப்பனவு. அந்த நாட்களைப் பற்றி யாராவது உங்களிடம் உட்கார்ந்து கேட்டார்களா?

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 2006ஆம் வருட இடாப்பில், பிள்ளைகளின் வரவுப் பதிவில், தொடங்குங்கள். ஓடின ஓட்டத்தில் இடாப்பு போயிருக்கும், பெயர்கள் போயிருக்காது. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அந்தப் பிள்ளை எந்தப் பக்கம் போனது, எந்த முகாமில் திரும்பக் கண்டீர்கள், யாரைப் பிறகு காணவே இல்லை என்று எழுதுங்கள். விடுபட்டதை அவர்களிடமே கேட்கலாம். அன்று நாலு வயதாக இருந்தவர்களில் சிலர் இன்று தங்கள் பிள்ளையை உங்கள் வாசலில் கொண்டுவந்து விடுகிறவர்களாக இருப்பார்கள்.

எழுத நேரமில்லை என்றால் தொலைபேசியில் பேசிப் பதிந்து அனுப்புங்கள், நான் தட்டச்சு செய்து தருகிறேன். பெயர்களை வெளியே போடுவதா இல்லையா என்பதை அவர்களையும் தாய்தகப்பனையும் கேட்டு முடிவெடுப்போம்.