எறும்பு அப்பிய ரொட்டி

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் பேச்சைக் கேட்டபின் பிரெஞ்சு இயக்குநர் க்ளேர் தெனியின் 'ஷோக்கோலா' படத்தைத் தேடிப் பார்த்தேன். அழகான படம். என் பிரச்சினையே அதுதான். கதை நடப்பது 1957இல், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த கேமரூனில். விடுதலை கேட்ட யு.பி.சி. இயக்கத்தை அதற்கு இரண்டு வருடம் முன்பே தடை செய்துவிட்டார்கள். அதன் தலைவர் ரூபன் உம் நியோபே காட்டில் தலைமறைவாக இருந்தார், 1958இல் சுட்டுக் கொன்றார்கள். படத்திலோ ஒரு சிறுமி, ஒரு கழுதை, மலை, அந்தி வெளிச்சம். குழந்தைக்கு ஒன்றும் புரியாது, அதனால் இயக்குநரும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. காலனியத்தைக் குழந்தையின் கண்வழியே காட்டுவது நழுவிக்கொள்ளும் உத்தி இல்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் சந்தேகம் நியாயமானது. குழந்தையின் கண் என்று சொல்லிக்கொண்டு மாளிகை, தோட்டம், பாசமுள்ள வேலைக்காரர் என்று ஏக்கத்தை விற்கும் படங்கள் நிறைய உண்டு. முதல் முறை பார்த்தபோது எனக்கும் இதில் பாதித் தூரம் அப்படித்தான் பட்டது. மங்கலான பிரதி வேறு. இரண்டாம் முறைதான் அந்தச் சிறுமியைச் சரியாகக் கவனித்தேன்.

நீங்கள் சொல்லும் போர் தெற்கிலும் மேற்கிலும் நடந்தது, படம் நடக்கும் மிண்டிஃப் ஊர் வட கோடியில் இருக்கிறது என்று ஒரு பதில் சொல்லலாம். அது வக்கீல் பதில். ஒரு மாவட்ட அதிகாரியின் வீட்டுக்குள் போர் எந்த உருவத்தில் இருக்கும் என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

அந்த வீட்டில் ப்ரோத்தே இருக்கிறான். வளர்ந்த, கம்பீரமான ஆண். காலனி வீடுகளில் இப்படிப்பட்ட வேலைக்காரரை பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலச் சொல்லையே எடுத்து 'பாய்' என்று கூப்பிட்டார்கள். எத்தனை வயதானாலும் பையன்தான். அதிகாரியின் மகளுக்குப் பெயர் ஃப்ரான்ஸ். ஆமாம், நாட்டின் பெயரேதான். அவனுக்கும் அவளுக்கும் நல்ல ஒட்டுதல். ரொட்டியில் எறும்பை அப்பித் தருகிறான், அவளும் தயங்காமல் தின்கிறாள். பார்க்கும் நமக்கு மனம் இளகிவிடுகிறது.

அப்புறம் சாப்பாட்டு மேசைக் காட்சி வருகிறது. தன் சூப்பைக் கரண்டியில் எடுத்து அவள் அவனுக்கு ஊட்டுகிறாள். அவன் குனிந்து வாங்கிக்கொள்கிறான். விளையாட்டுதான். ஆனால் 'வேண்டாம்' என்று அவனால் சொல்ல முடியுமா? எறும்பு ரொட்டியை அவள் மறுத்திருக்கலாம், ஒன்றும் ஆகியிருக்காது. பாசத்துக்கும் அதிகாரத்துக்கும் நடுவே எங்கே கோடு என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது, ஆனால் அதிகாரத்தைப் பயன்படுத்த மட்டும் நன்றாகவே தெரியும். நீங்கள் அவளை அப்பாவி சாட்சியாகப் பார்க்கிறீர்கள். எனக்கு அவள் அந்த வீட்டின் மிகச் சின்ன முதலாளி. காலனியம் ஒரு குழந்தையின் கைப்பழக்கமாக இறங்கிவிட்டதைக் காட்டுகிற படத்தை நழுவல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொன்று. இந்தப் படம் முழுக்கக் குழந்தையின் கண்ணும் இல்லை. வீட்டுக்குப் பின்னால், திறந்த வெளியில் ப்ரோத்தே குளிக்கிறான். உடம்பெல்லாம் சோப்பு நுரை. அந்த நேரம் பார்த்துத் தாயும் மகளும் வீடு திரும்புகிறார்கள். அவர்கள் தன்னைப் பார்த்திருப்பார்கள் என்று தெரிந்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டு அழுகிறான். அந்த அழுகையைப் பார்க்கச் சிறுமி அங்கே இல்லை, நாம் மட்டும் இருக்கிறோம். உள்ளே கதவு வைத்த குளியலறை எஜமானர்களுக்கு, வெளியே வெட்டவெளி வேலைக்காரர்களுக்கு. அந்த வீட்டில் ஆட்சி எப்படி நடக்கிறது என்பதைச் சொல்ல இது ஒன்றே போதும்.

தாய் ஏமே திரைச்சீலை ஓரம் தரையில் உட்கார்ந்து அவன் காலைத் தொடுவதும் அப்படித்தான், மகளுக்குத் தெரியாமல் நடப்பது. அவன் அவளை வெடுக்கென்று தூக்கி நிறுத்துகிறான். வார்த்தையே இல்லை. மறுத்ததற்குத் தண்டனை, வீட்டு வேலையிலிருந்து வெளியே அனுப்பப்படுகிறான். அதிகாரி மார்க் நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர். மகளுக்குத் தொடுவானத்தைப் பற்றிச் சொல்லித் தருகிறவர். கிட்டே போகப் போக அந்தக் கோடு தள்ளிப் போகும், கண்ணுக்குத் தெரியும், ஆனால் கிடையாது என்கிறார். வீட்டுக்குள் இருக்கும் கோடு பற்றி அவருக்குப் பேச வராது.

அதன் பிறகு, இரவில், சிறுமி அவனைத் தேடி ஜெனரேட்டர் இருக்கும் கொட்டகைக்குப் போகிறாள். ஒரு குழாயைக் காட்டி, சுடுமா என்று கேட்கிறாள். அவன் பேசாமல் கையை அதன்மேல் வைக்கிறான். அவள் அவனை நம்புகிறவள், தானும் வைக்கிறாள். உள்ளங்கை வெந்துவிடுகிறது. அவன் எழுந்து இருட்டுக்குள் போய்விடுகிறான், அவன் கையும் வெந்துதான் இருக்கும். இதைக் கொடூரம் என்று சிலர் சொல்வார்கள். கொடூரம்தான். குழந்தை என்பதற்காக அவளுக்கு விலக்கு தர மறுக்கிறான், படமும் மறுக்கிறது. வளர்ந்தபின் கேமரூனுக்குத் திரும்பி வரும் ஃப்ரான்ஸின் கையைப் பார்த்து ரேகை சொல்ல முயல்கிற ஒருவருக்கு அங்கே ரேகையே தெரிவதில்லை. (அந்த ரேகைக் காட்சி எனக்குக் கொஞ்சம் அதிகப்படி. தழும்பே போதுமே.)

உங்கள் புகாரில் எனக்கு மறுக்க முடியாத பகுதி ஒன்று உண்டு. ப்ரோத்தே என்ன நினைத்தான் என்பது நமக்குக் கடைசிவரை கிடைப்பதில்லை. தெனி அதிகாரி ஒருவரின் மகளாக ஆப்பிரிக்காவில் வளர்ந்தவர். அவர் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது அவ்வளவு. தெரியாததைத் தெரிந்ததுபோல் அவர் புனையவில்லை என்பதை நான் நேர்மை என்கிறேன், நீங்கள் பற்றாக்குறை எனலாம்.

மறுபக்கத்துக் குழந்தை வேண்டுமென்றால் ஊசான் பால்சியின் 'கருப்பர் குடிசைத் தெரு'வைப் பாருங்கள். 1983இல் வந்தது, ஜோசஃப் ஸோபெலின் நாவலிலிருந்து எடுத்தது. மார்த்தினிக் தீவில், 1930களில், கரும்புத் தோட்டக் கூலிகளின் நடுவே வளரும் ஜோசே என்ற பையன். மதியச் சோறு போடுகிறேன் என்று சொல்லி ஒருத்தி அவனிடம் வேலை வாங்குகிறாள், பள்ளிக்குத் தாமதமாகிறது. அவன் ஒரு நாள் கல்லெறிந்து அவள் பாத்திரங்களை உடைத்துவிட்டு ஓடுகிறான். அவனுக்கு யாரும் காலனியத்தை விளக்க வேண்டியதில்லை. ஃப்ரான்ஸுக்கு ஒரு சூடு தேவைப்பட்டது.

'ஷோக்கோலா'வின் கடைசிக் காட்சியை மட்டும் திரும்ப ஒருமுறை பாருங்கள். விமான நிலையத்தில் சாமான் ஏற்றும் மூன்று பேர் வேலை முடித்து, புகைத்தபடி, சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கேமரா தள்ளி நிற்கிறது. அவர்கள் பேசுவது நமக்குக் கேட்பதில்லை.

அன்புடன்.