சர்க்கரை இல்லாத பானமும் பல்லைக் கரைக்கும்

கேள்வி: எனக்கு வயது 23. இனிப்பு அதிகம் தொடுவதில்லை. குடிக்கும் கோலாவும் சர்க்கரை இல்லாததுதான். தினமும் இரண்டு வேளை பல் துலக்குகிறேன். ஆனாலும் முன்பற்களின் நுனி கண்ணாடி போலத் தெரிகிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது. சொத்தை ஒன்றுமில்லை என்கிறார் மருத்துவர். பிறகு ஏன் இப்படி?

பதில்: சொத்தை வேறு, அமில அரிப்பு வேறு. சொத்தையில் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. அரிப்பில் கிருமிக்கு வேலையே இல்லை. குடிப்பதிலுள்ள அமிலம் நேராகப் பல்லில் படுகிறது. சர்க்கரையை எடுத்துவிட்டாலும் கோலாவில் பாஸ்பாரிக் அமிலம் அப்படியேதான் இருக்கிறது.

அமிலத்தின் கடுமையை பி.எச். என்ற எண்ணால் அளக்கிறார்கள். எண் ஒன்று குறைந்தால் கடுமை பத்து மடங்கு. பல்லின் கடினமான மேலுறையான எனாமல் சுமார் 5.5க்குக் கீழே கரையத் தொடங்கும். கோலாவின் அளவு 3ஐ ஒட்டியே இருக்கும். எண் மட்டுமே எல்லாம் என்றும் நினைக்க வேண்டாம். தயிரின் அளவு 4ஐ ஒட்டி வந்தாலும், அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்திருப்பதால் அது எனாமலை ஏறக்குறைய அரிப்பதேயில்லை.

இதைவிட முக்கியமானது நீங்கள் குடிக்கும் விதம். ஒரு கேனைச் சாப்பாட்டோடு ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டால், பிறகு உமிழ்நீர் அமிலத்தைக் கழுவி, பல்லுக்குத் தாதுக்களைத் திருப்பிக் கொடுக்க நேரம் கிடைக்கிறது. அதே கேனைக் கணினி முன்னால் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உறிஞ்சினால், உமிழ்நீர் வேலையை முடிப்பதற்குள் அடுத்த வாய் வந்துவிடுகிறது. வாயில் வைத்துக் குலுக்கி விழுங்கும் பழக்கம் இன்னும் மோசம். ஒரேயொரு பழக்கத்தைத்தான் மாற்ற முடியும் என்றால், இந்த உறிஞ்சலை நிறுத்துங்கள். இடையில் தாகம் எடுத்தால் வெறும் தண்ணீர் போதும்.

கேள்வி: காலையில் எலுமிச்சை நீர், உடற்பயிற்சியின்போது விளையாட்டு வீரர்களுக்கான பானம். இரண்டுக்கும் பிறகு உடனே பல் துலக்கிவிடுகிறேன். அப்போது பாதிப்பு இருக்காதுதானே?

பதில்: அந்த 'உடனே'தான் சிக்கல். அமிலம் பட்டதும் எனாமலின் மேற்பரப்பு மெல்லிய அளவில் மென்மையாகிவிடும். அந்த நேரத்தில் பிரஷ் போட்டால் அந்தப் படலம் சுரண்டப்பட்டு நிரந்தரமாகப் போய்விடும். குடித்ததும் வெறும் தண்ணீரால் கொப்பளியுங்கள். ஒரு டம்ளர் நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து கொப்பளித்தால் அமிலம் நடுநிலையாகும். அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத் துலக்குங்கள். காலையில் இவ்வளவு நேரம் காத்திருக்க முடியாதா? முதலில் துலக்கிவிட்டு, பிறகு எலுமிச்சை நீரைக் குடியுங்கள்.

உடற்பயிற்சி நேரத்தில் ஆபத்து ஏன் கூடுகிறது? வியர்த்து நீர் வற்றும்போது உமிழ்நீர் குறைகிறது. வாய் காய்ந்திருக்கையில் அமிலப் பானம் இறங்குகிறது. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் சாதாரணப் பயிற்சிக்கு அந்தப் பானம் தேவையே இல்லை. ஆப்பிள் சைடர் வினிகர், மென்று தின்னும் வைட்டமின் சி மாத்திரை ஆகியவையும் இதே கணக்குதான்.

மென்மையான பிரஷும் சுமார் 1450 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1450 பங்கு) ஃபுளோரைடு உள்ள பற்பசையும் போதும். ஸ்டானஸ் ஃபுளோரைடு உள்ளது அரிப்புக்கு இன்னும் நல்லது. கரித்தூள் பற்பசையைத் தவிர்த்துவிடுங்கள். அது தேய்த்துத் தேய்த்தே 'வெண்மை' காட்டும்.

கேள்வி: நான் குளிர்பானமே குடிப்பதில்லை. ஆனால் மேல் முன்பற்களின் உள்பக்கம் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறது.

பதில்: அந்த இடம் ஒரு துப்பு. இரைப்பை அமிலத்தின் பி.எச். 1 முதல் 2 வரை. அது மேலே ஏறினால் மேல்பற்களின் உள்பக்கத்தைத்தான் முதலில் தாக்கும். கீழ் முன்பற்களை நாக்கும் அருகிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளும் ஓரளவு காத்துவிடுகின்றன. நெஞ்செரிச்சல் இல்லாமலேயே எதுக்களிப்பு இருக்கலாம். காலையில் வாயில் புளிப்பு, கரகரத்த குரல் இருக்கிறதா என்று கவனியுங்கள். தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடுவதால் இரவு எதுக்களிப்புதான் அதிகம் கெடுக்கும். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடியுங்கள், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துங்கள், மருத்துவரையும் பாருங்கள்.

சாப்பிட்டதை அடிக்கடி வாந்தியாக வெளியேற்றும் நிலை இருந்தாலும் இதே தேய்மானம் வரும். அப்படியானால் தயங்காமல் சொல்லுங்கள். அது குற்றமல்ல, சிகிச்சை உள்ள நோய். வாந்திக்குப் பிறகும் கொப்பளிப்பு மட்டுமே, பிரஷ் கூடாது.

கேள்வி: போன எனாமல் திரும்ப வளருமா?

பதில்: வளராது. அதை உருவாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. மென்மையாகி, இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் படலத்தை மட்டும் உமிழ்நீரும் ஃபுளோரைடும் மீண்டும் இறுக்கும். பழைய ஃபில்லிங் சுற்றியுள்ள பல்லைவிட மேடாகத் தெரிந்தாலோ, கடைவாய்ப்பல்லின் முனைகளில் சிறு குழிகள் விழுந்தாலோ, உள்ளிருக்கும் மஞ்சள் டென்டின் தெரிந்தாலோ, பல் நிறப் பிசின் பூசி மூடலாம். அதற்கு முன் அமிலம் வரும் வழியை அடைக்க வேண்டும். இல்லையென்றால் பூச்சைச் சுற்றி அரிப்பு தொடரும். பல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நான்கு நாட்களுக்கு என்ன, எப்போது, எவ்வளவு நேரம் குடித்தீர்கள், சாப்பிட்டீர்கள் என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். பற்களைப் படம் எடுத்து வைக்கவும் சொல்லுங்கள்; அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்த்தால், தேய்மானம் நின்றுவிட்டதா என்பது தெரிந்துவிடும்.