கரண்ட் வைத்தால் மூளை கெட்டுப்போகுமா?

கேள்வி: அம்மாவுக்குத் தீவிர மனச்சோர்வு. ஒரு வாய் சோறு இறங்கவில்லை. டாக்டர் ஷாக் ட்ரீட்மென்ட் என்கிறார். மூளை செல்கள் செத்துவிடாதா?

பதில்: சாகாது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களில் அப்படி எந்த அடையாளமும் இல்லை. நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி சற்றுப் பருத்துத்தான் தெரிகிறது. அது பருப்பதால்தான் குணமாகிறது என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடைக்கவில்லை. சாப்பாடே நின்றுபோனவருக்கு மாத்திரை வேலை செய்யும்வரை காத்திருப்பதுதான் ஆபத்து. தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: சிகிச்சைக்குப் பின் கணவர் தெளிவாகிவிட்டார். ஆனால் மகளின் வளைகாப்பே ஞாபகம் இல்லை என்கிறார். நடிக்கிறாரா?

பதில்: இல்லவே இல்லை, அம்மா. புதிதாக ஒன்றை மனதில் வைக்கும் திறன் சிகிச்சை நாட்களில் குறையும். முடிந்த சில வாரங்களில் பெரும்பாலும் திரும்பிவிடும். பழைய நினைவு வேறு விஷயம். சிகிச்சையை ஒட்டிய மாதங்களில் நடந்தவற்றில் சில திரும்பாமலே போகலாம். இதை முன்கூட்டியே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் கையெழுத்து வாங்குவது தவறு என்பதே என் கருத்து. தலையின் வலது பக்கம் மட்டும், மிகக் குறுகிய துடிப்புகளாக மின்சாரம் கொடுத்தால் மறதி குறையும். ஆனால் ஓரிரு தடவை கூடுதலாகத் தேவைப்படலாம். இப்போதைக்கு வளைகாப்பு ஆல்பத்தை எடுத்து அவரோடு உட்கார்ந்து பாருங்கள். "இது யார், சொல்லுங்கள்" என்று பரீட்சை மட்டும் வைக்காதீர்கள்.

கேள்வி: சினிமாவில் வருவதுபோல உடம்பு தூக்கிப் போடுமா?

பதில்: போடாது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்த பிறகுதான் கரண்ட். மயக்க மருந்து இல்லாமல் கொடுப்பதை 2017 மனநலச் சட்டம் தடை செய்துவிட்டது. தளர்த்தும் மருந்து ஏறுமுன் ஒரு காலில் பி.பி. பட்டையை இறுகக் கட்டிவிடுவோம். மருந்து அந்தப் பாதத்துக்கு இறங்காததால் அது மட்டும் அரை நிமிடம், ஒரு நிமிடம் துடிக்கும். கரண்டால் மூளையில் ஒரு வலிப்பை வரவழைப்பதுதான் இந்தச் சிகிச்சை; அது வந்ததை அந்தத் துடிப்பில் பார்த்துக்கொள்வோம். விழித்ததும் தலைவலி, தாடைவலி இருக்கலாம்.

கேள்வி: குணமான பின் மாத்திரையை விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வில், குணமான பின் மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 84 சதவீதத்தினருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியமும் மனச்சோர்வு மருந்தான நார்ட்ரிப்டிலினும் சேர்த்து எடுத்தவர்களில் அது 39 சதவீதம். மருந்தோடும் திரும்பினால், சில வாரங்களுக்கு ஒருமுறை கரண்ட் வைக்கும் பராமரிப்பு முறை பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.