பெட்டிக்குள் ஒரு முகம்

அன்புள்ள ஐயா,

மாண்டரின் கற்றுவருகிறேன். அலுவலகக் கூட்டத்தில் மேலாளரின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்ட தைவான் தோழி, பிறகு எனக்கு ‘囧’ என்ற ஒரே ஒரு எழுத்தைச் செய்தியாக அனுப்பினாள். ‘ஜியோங்’ என்று வாசிக்க வேண்டுமாம். அகராதியில் ‘வெளிச்சம்’ என்று போட்டிருக்கிறது. அசடு வழிந்தவளுக்கு வெளிச்சம் எதற்கு? நானும் இதைப் பயன்படுத்தலாமா?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அகராதியை மூடிவிட்டு எழுத்தைப் பாருங்கள். சதுரப் பெட்டி, உள்ளே மேலே ‘எட்டு’ என்ற எழுத்து, கீழே ‘வாய்’ என்ற எழுத்து. எட்டு என்பது இரு புறமும் சரியும் இரண்டு கோடுகள்தான். அவற்றைத் தொங்கிப்போன புருவங்களாகவும், வாயை வாயாகவுமே எடுத்துக்கொண்டால் திருதிருவென விழிக்கும் முகம் வந்துவிடும். தோழி அனுப்பியது அதைத்தான்.

அகராதியும் பொய் சொல்லவில்லை. பழைய சீனத்தில் இது வெளிச்சம் வரும் சாளரம். கி.பி. 100 வாக்கில் தொகுக்கப்பட்ட ‘ஷுவோவென்’ அகராதி அப்படித்தான் சொல்கிறது. ஒளியைக் குறிக்கும் ‘மிங்’ எழுத்தின் பழைய வடிவமொன்றில் இந்தச் சாளரமும் பக்கத்தில் நிலவும் இருக்கும். (அமைத்தவன் ரசிகன்.) பிற்காலத்தில் சீந்துவாரற்றுக் கிடந்த எழுத்தை இணையத்து இளைஞர்கள் தோண்டியெடுத்தார்கள், 2008இல் சீனாவெங்கும் பரவியது.

சாயல் மட்டுமல்ல, ஓசையும் கைகொடுத்தது. சங்கடம், இக்கட்டு என்ற பொருளில் இதே உச்சரிப்பும் தொனியும் (சீனத்தில் பொருளையே மாற்றிவிடும் குரலின் ஏற்ற இறக்கம்) கொண்ட வேறோர் எழுத்து ஏற்கெனவே உண்டு. வேடிக்கை நிலைத்ததற்கு அதுவே காரணம் என்பேன். 2012இல் ஒரு நகைச்சுவைப் படத்தின் பெயரிலும் ஏறிக்கொண்டது. படம் 100 கோடி யுவானுக்கு மேல் வசூலித்தது.

தாராளமாகப் பயன்படுத்துங்கள். ‘வோ ஹென் ஜியோங்’ என்றால் ‘எனக்கு ஒரே சங்கடமாகப் போயிற்று’. மூன்று சொல்லும் மூன்றாம் தொனி. மூன்றாம் தொனிச் சொற்கள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் முந்தையது, குரல் ஏறும் இரண்டாம் தொனியாகிவிடும். ஆகவே ‘ஹென்’னில் குரல் ஏறட்டும், ‘ஜியோங்’கில் தாழட்டும்.

அசடு வழியும்போதும், என்ன சொல்வதென்று தெரியாமல் முழிக்கும்போதும் சொல்லலாம். துக்கத்துக்கு ஆகாது, இழவு வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். மேலாளருக்கும் வேண்டாம். 2008இல் இருந்த மவுசு இப்போது இல்லை, இளையவர்கள் பழைய ஆள் என்று சிரிக்கக்கூடும். உங்கள் தோழி சிரிக்க முடியாது, அவளே அனுப்பியவள்தானே.