சம்பளம் கூடினால் வரி விழுங்கிவிடுமா?

கேள்வி: கொள்ளுப்பிட்டியில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். என் சம்பளத்தை 148,000 ரூபாயிலிருந்து 165,000 ஆக்குகிறார்கள். 150,000-ஐத் தாண்டினால் முழுச் சம்பளத்துக்கும் வரி வெட்டுவார்கள், கையில் வருவது குறைந்துவிடும், வேண்டாமென்று சொல்லுங்கள் என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். அப்படியா? அம்மாவின் நிலையான வைப்பு வட்டியிலும் வங்கி 10 சதவீதம் கழிக்கிறது. அவருக்கு வேறு வருமானம் இல்லை. - வாசகி, வெள்ளவத்தை

பதில்: வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள். கந்தோரில் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் ஒரு வரிச் சட்டம் ஓடிக்கொண்டிருக்கும், அது எந்த வர்த்தமானியிலும் வந்ததில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் வருடத்துக்கு 18 இலட்சம், அதாவது மாதம் 150,000 வரை வரி இல்லை. அதற்கு மேலே உள்ள தொகைக்கு மட்டும்தான் வரி. முதல் 83,333 ரூபாய்க்கு 6 சதவீதம், அப்புறம் 18, 24 என்று படிப்படியாக 36 வரை ஏறும். உங்களுக்கு மேலே நிற்பது 15,000. அதில் 6 சதவீதம் 900 ரூபாய். அவ்வளவுதான்.

நீங்கள் அனுப்பிய சம்பளச் சீட்டில் என் கண்ணில் பட்டது வேறொன்று. அடிப்படைச் சம்பளம் 90,000, முன்பும் அதுதான், இப்போதும் அதுதான். கூட்டித் தந்த 17,000-மும் 'இதர கொடுப்பனவு' என்ற தலைப்பில் போயிருக்கிறது. ஈ.பி.எப். என்கிற ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு 90,000-க்கு மட்டும்: உங்களிடம் 8 சதவீதம், 7,200. நிறுவனம் போடும் 12 சதவீதம் 10,800, ஈ.டி.எப். என்கிற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம் 2,700. கடைசி இரண்டும் சீட்டின் அடியில் சின்ன எழுத்தில் இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை.

அந்த 17,000 அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்திருந்தால் நிறுவனம் உங்கள் பேரில் மாதம் 2,550 ரூபாய் கூடுதலாகப் போடவேண்டும். வருடத்துக்கு 30,600. வரியாகப் போவதோ வருடத்துக்கு 10,800. எல்லோரும் வரியைத் திட்டுகிறோம், பெரிய ஓட்டை சம்பளச் சீட்டின் பக்கத்து வரிசையில் இருக்கிறது. உங்கள் 8 சதவீதமும் 1,360 கூடும், கைக்காசு அந்தளவு குறையும் என்பது உண்மைதான். ஆனால் அது உங்கள் கணக்கில் கிடக்கும் உங்கள் பணம்.

வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடையும் இதோடு வரும். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரைமாதம். அங்கேயும் அடிப்படைச் சம்பளத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

சரி, கொடுப்பனவு என்று பெயர் வைத்துவிட்டால் ஈ.பி.எப். கட்டவேண்டாமா? பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை. வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவும் அதுபோன்றவையும், விடுமுறைச் சம்பளமும் கணக்கில் வரும். ஓவர்டைம் வராது. ஆகவே அந்த 'இதர' எதற்காகத் தரப்படுகிறது என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். சண்டையாக வேண்டாம், சம்பள உயர்வுக் கடிதத்துக்கு நன்றி சொல்லும் மின்னஞ்சலிலேயே ஒரு வரி போதும். பதில் மழுப்பலாக இருந்தால் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களம் இருக்கிறது.

அம்மாவின் விஷயம் சுலபம். வட்டியில் கழிப்பது 2025 ஏப்ரலிலிருந்து 5 சதவீதத்திலிருந்து 10 ஆகியது. அவருடைய முழு வருமானமும் வருடத்துக்கு 18 இலட்சத்தைத் தாண்டாவிட்டால், வங்கியில் சுயபிரகடனப் படிவம் வாங்கி நிரப்பிக் கொடுத்தால் கழிக்கமாட்டார்கள். வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்குவதால் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கொடுக்கவேண்டும். ஏற்கெனவே கழித்ததை வங்கியிடம் கேட்டுப் பயனில்லை, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம்தான் கேட்கவேண்டும். கழித்ததற்கான சான்றிதழை வங்கியில் மறக்காமல் வாங்கி வையுங்கள்.